எந்தப் பக்கம் கிளம்பும்

எங்கள் வீட்டுச் சுவரில் மனிதர்களின் படங்களைவிடக் கப்பல் படங்கள்தான் அதிகம். அம்மாவின் அண்ணன்கள் வேலைக்குப் போன கப்பல்கள், பெரியப்பா போன கப்பல்கள், சித்தப்பா ஒரே ஒரு தடவை போய் வாந்தி எடுத்துத் திரும்பி வந்த கப்பல். ராயபுரத்தில் எங்கள் தெருவில் இது ஒரு வழக்கம். வீட்டு ஆள் ஏறிப் போகிற கப்பலை, வீட்டில் ஒருவர் கரையில் நின்று கண்ணுக்கு மறைகிற வரை பார்த்திருக்க வேண்டும். பெயர் படிக்கத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். படம் மாட்டுகிற வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. ஆள் திரும்பி வந்த பிறகும் படம் சுவரிலேயே இருக்கும்.

அப்பா போன கப்பலுக்கு மட்டும் படம் கிடையாது. அன்றைக்குப் பிடித்த மழையில், கரையில் நின்ற அம்மாவுக்கு எதிரே கிடந்த பாறாங்கல்கூடத் தெரியவில்லையாம். அப்பா திரும்பி வரவேயில்லை. கடலில் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஏதோ ஒரு ஊரில் இறங்கி, அங்கேயே வீடு வாசல், குடும்பம் என்று இருந்துவிட்டார். அம்மா அவரைத் திட்டி நான் கேட்டதில்லை. அந்த மழையைத்தான் திட்டுவாள். சுவரில் அவர் கப்பலுக்கென்று விட்ட இடத்தில் ஒரு ஆணி மட்டும் இருந்தது.

என் மனைவி தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வளைகுடாவில் இரண்டு வருட வேலை கிடைத்தது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தோஷமாகப் போய் வா என்றும் வரவில்லை. நான் இப்படி முழித்துக்கொண்டு நின்றபோது அம்மாதான் பேசினாள்.

"எத்துல போறா?"

"ஃபிளைட்லதாம்மா. வேற எத்துல போவா?"

"சரி. அது கெளம்பறச்சே நின்னு பாத்து, படம் புடிச்சுகினு வந்துடு. பேரு தெரியணும்."

பிளேனுக்குத் தனித்தனியாகப் பெயர் கிடையாது, கம்பெனி பெயர்தான் எல்லாவற்றிலும் எழுதியிருக்கும் என்று நான் விளக்கினேன். அம்மா என்னை நம்பவில்லை. "எல்லாத்துக்கும் ஒரே பேரா? அப்பால எது எதுன்னு எப்டி கண்டுபுடிப்பாங்க?" என்றாள். போனில் தேடியதில், ஒவ்வொரு விமானத்துக்கும் வால் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பதிவு எண் இருக்கும் என்று தெரிந்தது. சரி, அதுதான் பெயர் என்று முடிவு செய்துகொண்டோம்.

இதெல்லாம் மூட நம்பிக்கை என்று நானும் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். ஆனால் என் மனைவி போகிறாள் என்றதும் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தக் காலி ஆணியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். படம் கிடைக்காமல் போனால் அவள் வராமல் போய்விடுவாளோ என்று நினைத்தேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

படம் எடுப்பது எனக்குப் புதிதில்லை. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வேயர் வேலை. வந்து இறங்குகிற பெட்டி எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு, எங்கே ஓட்டை என்று சுற்றிச் சுற்றிப் படம் எடுக்க வேண்டும். ஆனால் பெட்டி நகராது. நான் படம் எடுத்த எதுவும் அதுவரை என்னை விட்டுப் பறந்து போனதில்லை.

துணைக்கு என் தோஸ்து வந்தான். காசிமேட்டுப் படகுகளுக்குக் கயிறும் மிதவையும் விற்கிற கடை அவனுக்கு. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாகச் சுற்றுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க ஊரே அங்கே வந்து நிற்கும் என்பதால் கடையை விட்டு நகர மாட்டான். அதனால் நான்தான் வார நாளில் லீவு போட வேண்டியிருந்தது.

துறைமுகத்துக்கு ஒரு வாய்தான். எந்தக் கப்பலானாலும் அந்த வழியாகத்தான் வர வேண்டும், அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஏர்போர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்தோம். வாய் எங்கே என்று கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

முதலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் மதில் ஓரமாக வண்டியை நிறுத்தினோம். கேமராவை எடுப்பதற்குள் ஒரு காவலர் வந்து, "இங்க நிக்கக் கூடாது, கெளம்பு" என்றார். வேறெங்கே நிற்கலாம் என்று கேட்டதற்கு, "எங்கயும் நிக்கக் கூடாது" என்றார். திரிசூலம் மலையில் மூச்சு வாங்க ஏறினோம். அங்கிருந்து ஓடுபாதை நன்றாகவே தெரிந்தது. ஆனால் விமானங்கள் எங்கோ தூரத்தில் ஊர்ந்தன.

"இன்னா மாமு, கொசு சைஸுல கீது" என்றான் தோஸ்து. "இதுல பேரு எப்டி படிக்கிறது?"

அடுத்த வாரம் மேற்குப் பக்கம், கவுல் பஜாரில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு இடம் பிடித்தோம். அப்பாடா, இதுதான் இடம். தலைக்கு மேலேயே வந்தன. சக்கரத்தில் இருக்கிற கோடுகூடத் தெரிந்தது. பதிவு எண் பளிச்சென்று விழுந்தது. நிறையப் படம் எடுத்து, வெற்றி வீரன் மாதிரி வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். அவள் கேமராத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"மாமா, வரிசையா பாரு. ஒண்ணொண்ணும் கீழதான் போய்கினு கீது. இதெல்லாம் வர்ற பிளேன். நான் போறேன்."

ஆமாம், எல்லாம் இறங்குகிற விமானங்கள். அப்படியானால் கிளம்புகிற வாய் எதிர்ப்பக்கம், கிழக்கே. அதை உறுதி செய்துகொள்ளலாம் என்று மறுபடி அதே ஆற்றங்கரைக்குக் காலையிலேயே போனோம். போன வாரம் எந்த இடத்தில் இறங்கி வந்தனவோ, அதே இடத்தில் இந்த வாரம் விமானங்கள் உறுமிக்கொண்டு ஏறிப் போயின. இருவரும் வாயைப் பிளந்து நின்றோம்.

"போன வாரம் வர்ற வழி, இந்த வாரம் போற வழி. ஒரு போர்டாவது வெக்கக் கூடாதா மாமு?" என்றான் தோஸ்து. எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. எரிச்சலில் அவனையே திட்டினேன். அவன் கோபித்துக்கொண்டு ராயபுரம் வரை பேசாமல் வந்தான்.

குழப்பத்தைத் தீர்த்து வைத்தது என் மனைவிதான். பெட்டி கட்டிக்கொண்டே ஏதோ ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள். "காத்துக்கு எதிர்ல ஓடுனாதான் ஏறுமாம் மாமா. எறங்கறதும் காத்துக்கு எதிர்லதானாம். காத்து மாறுனா வழியும் மாறும்" என்றாள்.

காற்றா? இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? கடலுக்கு எதிரில் பிறந்தவனிடம் காற்றைப் பற்றிக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். காலையில் கரைக்காற்று, மேற்கிலிருந்து. வெயில் ஏறினதும் கடல்காற்று, கிழக்கிலிருந்து. கோடையில் உச்சிப்பொழுதுக்குள் வந்துவிடும். எங்கள் தெருவில் கொடியில் துணி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே நேரம் சொல்லிவிடலாம். அவள் விமானம் மத்தியானம். அப்படியானால் கடல்காற்று. அப்படியானால் கிழக்கு முகமாக ஏறும். இனி குழப்பமே இல்லை என்று தோஸ்துக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

பரங்கிமலை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், ஆதம்பாக்கத்தில், மூன்று மாடி வீடு ஒன்று அமைந்தது. சுற்று வட்டாரத்தில் எல்லா வீட்டிலும் தண்ணீர்த் தொட்டி கறுப்பு, அந்த வீட்டில் மட்டும் நீலம். வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்து எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"வீடு வாடகைக்கா தம்பி?"

"இல்லீங்க. மொட்டமாடி மட்டும் கொஞ்ச நேரம். என் சம்சாரம் ஊருக்குப் போவுது. பிளேனைப் படம் புடிக்கணும்."

அவருக்கு அது புரிய நேரம் பிடித்தது. சுவரில் மாட்டுகிற வழக்கம், பெயர் தெரிய வேண்டிய அவசியம் எல்லாம் சொன்னேன். அப்பாவைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. மாடியில மிளகா காயுது" என்றார். அந்த மாடியிலிருந்து பார்த்தால், ஏறுகிற விமானம் பக்கவாட்டில், மூக்கிலிருந்து வால் வரை முழுசாகத் தெரிந்தது. இதைவிட நல்ல இடம் கிடையாது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி வைத்தேன். வலது பக்க ஜன்னல் கேட்டு வாங்க வேண்டும், ஏறினதும் நீலத் தொட்டியைத் தேட வேண்டும், நான் மஞ்சள் சட்டையில் கை காட்டிக்கொண்டு நிற்பேன்.

அந்த நாளும் வந்தது. அம்மா துடைப்பத்தை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டு, என் மனைவியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விமான நிலையத்தில், டிக்கெட் இல்லாதவர்களை நிறுத்துகிற கதவு வரைக்கும் நான் போனேன். பெட்டித் தள்ளுவண்டியைப் பிடித்தபடி அவள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே இருந்த மரம் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மரத்த இன்னா பாக்கற? என்னைப் பாரு" என்றாள்.

பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உள்ளே போய், ஒரு தடவை திரும்பிக் கை காட்டினாள். நானும் காட்டினேன். அதற்கப்புறம் அவள் இன்னொரு தடவை திரும்பினாளா என்று எனக்குத் தெரியாது. தோஸ்து வண்டியை முறுக்கிக்கொண்டு நின்றான், ஓடிவிட்டேன்.

மாடியில் வெயில் கொளுத்தியது. மிளகாய் நெடியில் தோஸ்து தும்மிக்கொண்டே இருந்தான். விமானங்கள் எங்கள் மாடியை ஒட்டி வந்தன. ஏறவில்லை, இறங்கின. கிழக்கிலிருந்து வந்து இறங்கினால், கிளம்புகிறவை மேற்கே போகின்றன என்று அர்த்தம். அப்படியானால் கடல்காற்று இன்னும் வரவில்லையா? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"காத்து வந்துச்சாம்மா?"

"வந்து எவ்ளோ நேரமாவுது. கொடியில ஒரு துணி நிக்கல. இன்னாடா, கெளம்பிட்டாளா?"

காற்று வந்துவிட்டது. ஆனாலும் அடுத்ததும் எங்கள் மாடியை ஒட்டி இறங்கித்தான் வந்தது. அதற்கடுத்ததும். என் கணக்கெல்லாம் குப்பையில் போயிற்று. வீடியோவில் சொன்னது பொய்யா? இல்லை, நான் கிழக்கையும் மேற்கையும் மாற்றிப் போட்டுக்கொண்டேனா? மாடியில் சுற்றிச் சுற்றி நடந்தேன். அப்போது மனைவியிடமிருந்து செய்தி வந்தது. 'ஏறிட்டேன் மாமா. வலது பக்க ஜன்னல்.'

"காத்துமில்ல ஒண்ணியுமில்ல மாமு, எவனோ உடான்ஸ் வுட்டுகிறான்" என்றான் தோஸ்து. "ஜல்தியா அந்தாண்ட போயிடலாம். ஆத்தாண்ட."

நிற்பதா, போவதா? நின்று, அது அந்தப் பக்கமாகக் கிளம்பிவிட்டால் படம் இல்லை. வீட்டில் இருக்கிற காலி ஆணி கண் முன்னால் வந்து நின்றது. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, படியில் இறங்கி ஓடினேன். ஹெல்மெட்டை எடுக்கக்கூட மறந்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா பின்னாலேயே ஏதோ கூப்பிட்டார். நான் நிற்கவில்லை.

பல்லாவரம் சிக்னலில் நின்றபோது உலகத்தில் இருக்கிற எல்லா லாரியும் எங்களுக்கு முன்னால்தான் நின்றது. பொழிச்சலூர் தாண்டி ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்து, வண்டியிலிருந்து குதித்துக் கிழக்கே திரும்பினேன். முகத்தில் சில்லென்று காற்று அடித்தது.

அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. ராயபுரத்தில் கடல் எதிர் வாசலில் இருக்கிறது. அங்கே காற்று வந்தால் ஊருக்கே வந்துவிட்டது என்று நாங்கள் நினைப்போம். இங்கே வர அது பாதி சென்னையைத் தாண்டி வர வேண்டாமா? அம்மா சொன்னதும் சரி, வீடியோவில் சொன்னதும் சரி. நான் கொஞ்ச நேரம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். என் பின்னால், மேற்கிலிருந்து ஒரு விமானம் தாழ வந்து, தலையை உரசுகிற மாதிரி போய் இறங்கியது. வழி மாறிவிட்டது.

மதிலுக்கு அப்பால், ஓடுபாதை முனையில், நீல வால் போட்ட ஒரு வெள்ளை விமானம் திரும்பி எனக்கு முதுகைக் காட்டி நின்றது. அதற்குப் பின்னாலேயே, அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்று. அவளுடைய கம்பெனிதான் இரண்டும். எது எந்த விமானம் என்று காட்டுகிற ஆப்பைப் போனில் திறந்தால், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முதலாவது ஓடியது, எங்களை விட்டு விலகி, ஆதம்பாக்கத்துப் பக்கம் ஏறியது. எடுத்தேன். இரண்டாவது ஓடியது. அதையும் எடுத்தேன். வெயில் அலையில் வால் எழுத்துகள் நெளிந்து, எதுவும் படிக்கிற மாதிரி இல்லை. வானத்தில் இரண்டும் மறைந்த பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அழுகையாக வந்தது. தோஸ்து தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

வீட்டில் அம்மா இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இதுல எது?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இதான்" என்று இரண்டாவதைத் தொட்டாள். "கொஞ்சம் தயங்கி நிக்குது பாரு. அவ அப்டித்தான், வாசல் வரைக்கும் போய் ஒரு நிமிஷம் நிப்பா."

சாயங்காலம், அங்கே போய் இறங்கினதும், மனைவி ஒரு படம் அனுப்பினாள். ஜன்னல் வழியாக எடுத்தது. கூரை கூரையாக வீடுகள், நடுவில் நீலத் தொட்டி, பக்கத்தில் சிவப்பாக மிளகாய் காய்கிற சதுரம். அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு. 'பாத்துட்டேன் மாமா' என்று கீழே எழுதியிருந்தாள்.

நான்தான் அங்கே இல்லையே. அப்படியானால் அது யார்?

மறுநாள் ஹெல்மெட்டை வாங்கிவரப் போனேன். வீட்டுக்கார அம்மாவே கதவைத் திறந்தார். பூப்போட்ட மஞ்சள் நைட்டி.

"ஏன் தம்பி அப்படி ஓடினீங்க? கூப்பிடக் கூப்பிட நிக்கல. நீங்க போய்க் கொஞ்ச நேரத்துல காத்து திரும்பிடுச்சு. எல்லாம் இந்தப் பக்கமாத்தான் ஏறிச்சு" என்றார். "அந்தப் பொண்ணு ஜன்னல்ல பாக்கும்னு சொன்னீங்களே. மாடியில யாருமே இல்லன்னா அது மனசு என்ன பாடுபடும்? எது அதோட பிளேன்னு எனக்கு எப்படித் தெரியும். அதான் போன எல்லாத்துக்கும் கை காட்டினேன்."

நன்றி என்று ஏதோ முனகினேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தே போன பிறகுதான், வண்டி அவர் வீட்டு வாசலிலேயே நிற்பது நினைவு வந்தது.

அம்மா நெளிந்த வால் படத்தை மற்றக் கப்பல்களோடு மாட்டினாள். மனைவி அனுப்பிய படத்தையும் பிரிண்ட் போடச் சொன்னாள். "இத்தினி பேர் போனாங்க. ஒருத்தராவது அங்கிருந்து நம்ம கரைய படம் புடிச்சு அனுப்பல" என்றாள். அதை எடுத்துப்போய், அப்பாவின் கப்பலுக்கென்று விட்டிருந்த ஆணியில் மாட்டினாள். பிறகு பரண் மேலிருந்து துடைப்பத்தை எடுத்து வீட்டைப் பெருக்கினாள். அந்த மஞ்சள் புள்ளி யார் என்று அவளிடமும் நான் சொல்லவில்லை. வாரா வாரம் போனில் பேசும்போது மனைவியிடமும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாயெடுப்பேன், அவள் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

போன வெள்ளிக்கிழமை அவளே ஆரம்பித்தாள். குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கவா? நீ எப்பத்திலேருந்து நைட்டி போட ஆரம்பிச்சே?"

எப்போது தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கே தெரியுமாம். ஜன்னலிலேயே தெரிந்துவிட்டதாம். பெரிதாக்கிப் பார்த்து உறுதியும் செய்துகொண்டாளாம். அப்படியானால் ஏன் பார்த்துவிட்டேன் என்று எழுதினாய் என்றேன்.

"நீ ஒரு எடத்துல நிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? எங்கயோ ஓடிகினு இருப்பேன்னு நெனச்சேன். எனக்காவ ஒரு ஆள் நின்னாங்க இல்ல, அத்தப் பாத்துட்டேன்னுதான் எழுதுனேன்."

நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். காற்று, ஆற்றங்கரை, இரண்டு நீல வால்கள், எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், அப்பாவுக்கும் மழைக்கும் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியை நான் கேட்டுவிட்டேன்.

"திரும்பி வந்துடுவ இல்ல?"

அவள் சொன்னாள்.

"நான் வர்ற அன்னிக்கு எந்த மாடிக்கும் போவாத. காத்து எந்தப் பக்கம்னும் பாக்காத. கதவாண்ட வந்து நில்லு, போதும்."

சரி என்றேன். ஏர்போர்ட்டில் இப்போது வெளியே வருகிற கதவுகள் இரண்டு மூன்று ஆகிவிட்டனவே, எந்தக் கதவு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.